காதலித்தவளே துப்பறிந்தாள்

சென்னைத் திரையின் கதை – 17

சென்ற வாரம் ஜே.ஆர்.ரங்கராஜுவையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் அவர்களுடைய நாவல்களையும் பார்த்தோம். பெயர்களை எடுத்துவிட்டால் அந்த நாவல்களில் பலவற்றுக்கு ஒரே அமைப்புதான். ஓர் ஆணும் பெண்ணும் விரும்புவார்கள். பெரியவர்கள் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கப் பார்ப்பார்கள். நடுவில் ஒரு கொலை நடக்கும், பழி காதலன் தலையில் வந்து விழும். அப்புறம் துப்பறிகிறவர் வருவார். வேடம் மாறுவார், வண்டியைப் பின்தொடர்வார், கடிதத்தின் கையெழுத்தை ஒப்பிடுவார். கடைசியில் குற்றவாளியைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டு, காதலர்களைச் சேர்த்துவைத்துவிட்டுப் போய்விடுவார். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ நாவலில் வரும் துப்பறியும் கோவிந்தன் செய்கிற வேலை இதுதான்.

சினிமா இந்தக் கதைகளை அப்படியே வாங்கிக்கொண்டது. ‘ராஜாம்பாள்’ 1935-ல் ஒருமுறையும் 1951-ல் மறுமுறையும் படமானது. இரண்டாவது படத்தில்தான் ஆர்.எஸ்.மனோகர் அறிமுகமானார். வடுவூராரின் ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலை சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் ‘திகம்பர சாமியார்’ என்று எடுத்தது. எம்.என்.நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டுக் கதாநாயகனாகவே நின்றார். இந்தப் படங்களில் காதல் ஒரு கரையில் இருக்கும், விசாரணை மறு கரையில் இருக்கும். துப்பறிகிறவருக்கு அந்தக் காதலில் பங்கு கிடையாது. அவருக்கு யார்மீதும் ஆசை இல்லை, அதனால் இழக்கவும் எதுவும் இல்லை. மேல்நாட்டிலும் பெரும்பாலும் இப்படித்தான். ஷெர்லாக் ஹோம்ஸுக்கும் பொய்ரோவுக்கும் மனைவி மக்கள் கிடையாது.

தமிழ் சினிமா அந்த இரண்டு கரைகளையும் ஒன்றாக்கியதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும். மயிலாப்பூர், தி.நகர், வடபழனி என்று ஒரு பஸ் டிக்கெட்டில் சுற்றி வரக்கூடிய தூரத்துக்குள் 1954 முதல் 1978 வரை இது நடந்தது. சந்தேகப்படுகிறவரும் காதலிக்கிறவரும் ஒரே ஆளானார். முக்கியமான படங்களில் அந்த ஆள் ஒரு பெண். தமிழில் வந்த நல்ல துப்பறியும் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, குற்றத்தை முதலில் மோப்பம் பிடிப்பவள் மனைவியாகவோ காதலியாகவோ இருப்பதைக் காண்கிறேன். போலீஸ் அதிகாரி பெரும்பாலும் அவளுக்குப் பின்னால்தான் வருகிறார்.

எழுத்தில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. திருவல்லிக்கேணியில் இருந்த வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925-ல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். அவருடைய முதல் நாவலான ‘வைதேகி’ துப்பறியும் கதைதான். பள்ளிக்கூடமே போகாத ஒரு பெண், குற்றமும் மர்மமும் நிறைந்த கதையை எழுதி, அச்சடித்து, வீட்டுக்குள் இருந்த பெண்களுக்கு அனுப்பிவைத்தார். பிற்பாடு நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். கதவுக்குப் பின்னால் நின்று பேச்சைக் கேட்பது, அலமாரியில் கடிதத்தைக் கண்டெடுப்பது, சமையலறை ஜன்னல் வழியாக யார் வந்து போனார்கள் என்று பார்த்துவைப்பது எல்லாம் ஒரு வீட்டில் பெண்ணுக்குத்தான் கைவரும் என்பதை அவருடைய வாசகிகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

*

படங்களுக்குப் போவதற்கு முன் இரண்டு வழக்குகளைச் சொல்லியாக வேண்டும். அவை இல்லாமல் 1950-களின் சென்னை ரசிகரைப் புரிந்துகொள்ள முடியாது.

முதலாவது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. சினிமாக்காரர்களைப் பற்றி ஏடாகூடமாக எழுதிப் பிழைத்த அந்தப் பத்திரிகைக்காரர் 1944 நவம்பரில் பட்டப்பகலில் கத்திக் குத்துப்பட்டு, மறுநாள் இறந்துபோனார். கைதானவர்களில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் இருந்தார்கள். ஆயுள் தண்டனை, லண்டன் பிரிவி கவுன்சில்வரை அப்பீல், 1947-ல் விடுதலை. நாடு போற்றிய பாடகரும் நாடு சிரித்த நடிகரும் சிறையிலிருந்து வெளியே வந்தபோது பாகவதரின் காலம் முடிந்திருந்தது. கொலை செய்தது யார் என்ற கேள்வி இன்றுவரை அப்படியே நிற்கிறது.

இரண்டாவது ஆளவந்தார் வழக்கு. நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1952 ஆகஸ்டில், எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி நோக்கிப் போன ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறத் தொடங்கியது. மானாமதுரையில் இறக்கித் திறந்து பார்த்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இறந்த ஆளவந்தார் பாரிமுனைப் பக்கம் பேனா வியாபாரத்தோடு தொடர்புடையவர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஓர் இளம் கணவனும் மனைவியும். மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பு இறந்தவரோடு பழக்கம் இருந்தது. தடயவியல் மருத்துவர்கள் உடலையும் தலையையும் பொருத்திக் காட்டினார்கள். விரல்ரேகை அடையாளத்தை உறுதி செய்தது. வழக்கை விசாரித்த நீதிபதி ஏ.எஸ்.பஞ்சாபகேச ஐயர் நாடகமும் நாவலும் எழுதியவர். 1953-ல் தீர்ப்பு வரும்வரை சென்னை முழுவதும் அந்தத் தம்பதியின் வீட்டுக்குள் அன்று என்ன நடந்தது என்று பேசிக்கொண்டே இருந்தது. மனைவி சொன்னது உண்மையா? கணவனுக்கு எப்போது தெரியும்? காதல் என்கிற சொல்லும் தடயம் என்கிற சொல்லும் ஒரே செய்திப் பத்தியில் மாதக்கணக்கில் சேர்ந்தே வந்தன.

அடுத்த ஆண்டு, 1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டையொட்டி, ‘அந்த நாள்’ வெளிவந்தது.

*

‘அந்த நாள்’ படத்தை இயக்கிய எஸ்.பாலசந்தர் 1927-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். வீணை பாலசந்தர் என்றால்தான் இன்று பலருக்கும் தெரியும். வீடே கலைக்கூடமாக இருந்த குடும்பம். 1934-ல் பிரபாத் நிறுவனம் தமிழில் எடுத்த ‘சீதா கல்யாணம்’ படத்துக்கு அந்தக் குடும்பமே ரயிலேறிப் போனது. தந்தை சுந்தரம் ஐயர் ஜனகர். அண்ணன் எஸ்.ராஜம் ராமர். அக்கா ஜெயலட்சுமி சீதை. குழந்தை பாலசந்தருக்கு ராவண தர்பாரில் கஞ்சிரா வாசிக்கும் வேலை. ராஜம் பின்னாளில் ஓவியராகவும் பாடகராகவும் மயிலாப்பூர் நடுத்தெருவில் வாழ்ந்தார். தம்பி வீணைக்கும் சினிமாவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். 1951 ‘ராஜாம்பாள்’ படத்தில் நடித்தவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு ‘கைதி’ படத்தை இயக்கினார். ஆக, பழைய துப்பறியும் நாவலின் சூத்திரம் எப்படித் திரையில் ஓடுகிறது, எங்கே நொண்டுகிறது என்பதை உள்ளே இருந்தே பார்த்தவர் அவர்.

அந்தச் சமயத்தில் திரைப்பட விழா ஒன்றில் குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படத்தைப் பார்த்தார். ஒரு கொலை, அதைப் பற்றி ஆளுக்கொரு சாட்சியம். அந்த உத்தி அவரைப் பிடித்துக்கொண்டது. அதே பாணியில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார். வானொலி வேண்டாம் என்றது. ஏவி.எம். ஸ்டூடியோ அதிபர் ஏவி.மெய்யப்ப செட்டியாரிடம் கொண்டுபோனார். ஜாவர் சீதாராமன் திரைக்கதையும் வசனமும் எழுதினார். கல்கத்தா விஸ்வநாதனை நாயகனாக வைத்துப் படம்பிடித்தார்கள். செட்டியாருக்குத் திருப்தியில்லை. பிடித்ததை ஒதுக்கிவிட்டு சிவாஜி கணேசனை அழைத்தார்கள்.

கதை நடப்பது 1943 அக்டோபர் 11. ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட சமயம். சென்னைவாசிகளுக்கு அது கட்டுக்கதை அல்ல. 1942-ல் ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்று நகரமே காலியாகியிருந்தது. மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுவிட்டார்கள். மயிலாப்பூர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போனவர்கள் படம் வந்தபோது அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

படம் தொடங்கும்போதே ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுச் சாகிறான். பக்கத்து வீட்டுச் சின்னையா போலீஸுக்கு ஓடுகிறார். சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் வருகிறார். அந்த வேடத்தில் ஜாவர் சீதாராமனே நடித்தார். சின்னையா, ராஜனின் தம்பி பட்டாபி, தம்பி மனைவி, ராஜனோடு உறவு வைத்திருந்த அம்புஜம், ராஜனின் மனைவி உஷா என்று ஒவ்வொருவரும் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் வேறு ஒரு ராஜன் வருகிறான். ஒருவருக்கு அவன் கஞ்சன், ஒருவருக்குத் திமிர் பிடித்தவன், ஒருத்திக்கு ஏமாற்றுக்காரன். மாருதிராவின் கேமரா அந்த வீட்டை வெளிச்சமும் இருட்டுமாகப் பிளந்து காட்டுகிறது. ஒரே மாடிப்படி, ஒரே கூடம். கதை சொல்லும் ஆள் மாறும்போது அதே இடம் வேறு வீடாகத் தெரிகிறது.

படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. நடனம் இல்லை, சண்டை இல்லை. வீணையை உயிராக நினைத்த மனிதர் இதைச் செய்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். விசாரணை நடக்கும்போது ஒரு பாட்டு வந்தால் சந்தேகத்தின் பிடி தளர்ந்துபோகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சங்கீதத்தின் பலம் என்ன என்று அறிந்தவருக்குத்தான் எங்கே அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று தெரியும்.

‘ராஷோமோன்’ எது உண்மை என்று சொல்லாமலே முடிந்துவிடும். ‘அந்த நாள்’ சொல்லிவிடுகிறது. அமைப்பைப் பார்த்தால், செத்துப்போன ஒருத்தியைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாகப் பேசும் ‘தி வுமன் இன் க்வெஸ்டியன்’ என்கிற 1950-ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்துக்குத்தான் இது இன்னும் நெருக்கம் என்பேன். ஆனால் அந்த இரண்டிலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. அது உஷா. அவளும் ராஜனும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவன் திறமைசாலி. தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் ராணுவ ரகசியங்களை ஜப்பானுக்கு விற்கத் தொடங்குகிறான். இதைச் சி.ஐ.டி. கண்டுபிடிப்பதற்கு வெகு முன்பே உஷா கண்டுபிடித்துவிடுகிறாள். அவள் கையில் இருந்த துப்பாக்கிதான் ராஜனைக் கொன்றது.

உஷாவாக நடித்தவர் பண்டரிபாய். 1952-ல் ‘பராசக்தி’யில் சிவாஜிக்கு நாயகியாக, அவரை நல்வழிப்படுத்தும் பெண்ணாக ரசிகர்கள் அவரைப் பார்த்திருந்தார்கள். இரண்டே ஆண்டில் அதே முகம், அதே அடக்கமான குரல், அதே ஜோடி. பார்க்கிறவர் கடைசிவரை உஷாவைச் சந்தேகிக்க மனம் வராமல் இருந்ததற்கு இது பெரிய காரணம். மடிசார் கட்டிய பாட்டிகளும் நெற்றியில் குங்குமம் வைத்த மாமிகளும் நிறைந்த ஊரில், கணவனின் உயிரைவிட நாடு பெரிது என்று நினைத்த மனைவியைக் கதையின் நடுவில் நிறுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். அதைவிட முக்கியம், படம் அவளைக் காதலில்லாதவளாகக் காட்டவில்லை. அவள் சொல்லும் கதையில்தான் ராஜன் நேசிக்கத்தக்க மனிதனாகத் தெரிகிறான். மற்ற நால்வரும் அவனைத் திட்டுகிறார்கள். கொன்றவள் ஒருத்திதான் அவனுக்காக அழுகிறாள்.

படத்துக்குத் தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. வசூல் கிடைக்கவில்லை. பாட்டில்லாத படமா என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். செட்டியார் மறுபடி அப்படிச் செய்யவில்லை. பாலசந்தர் மட்டும் மர்மக் கதைகளை விடவே இல்லை. ‘அவனா இவன்?’, ‘பொம்மை’, ‘நடு இரவில்’ என்று தொடர்ந்தார். 1964-ல் வந்த ‘பொம்மை’யில் பாட்டு உண்டு. தமிழில் யேசுதாஸின் குரல் முதலில் ஒலித்தது அந்தப் படத்தில்தான். அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவிய ‘நடு இரவில்’ 1970-ல் வெளிவந்தது. அதன் பிறகு அவர் வீணைக்கே திரும்பிவிட்டார். 1990-ல் அவர் காலமான தேதியும் ஏப்ரல் 13.

*

‘அந்த நாள்’ தயாரிப்பாளர்களுக்கு ஒரு பாடத்தைச் சொல்லிவிட்டுப் போனது. பாட்டை எடுத்தால் படம் ஓடாது. அப்படியானால் பாட்டையும் வைத்துக்கொண்டு சந்தேகத்தையும் காப்பாற்றுவது எப்படி? பத்து ஆண்டுகள் கழித்து விடை வந்தது. இம்முறையும் சிவாஜிதான் நாயகன். ஆனால் இப்போது அவர் சம்பளத்துக்கு நடிக்க வந்தவர் அல்ல, முதல் போட்டவர். தி.நகர் தெற்கு போக் ரோடு ‘அன்னை இல்ல’த்தில் குடியிருந்த அவர், சிவாஜி பிலிம்ஸ் பெயரில் எடுத்த ‘புதிய பறவை’ 1964 செப்டம்பர் 12 அன்று ஈஸ்ட்மென் கலரில் வெளிவந்தது. இயக்கம் தாதா மிராசி. வசனம் ஆரூர்தாஸ். இசை ‘மெல்லிசை மன்னர்கள்’ விஸ்வநாதன்–ராமமூர்த்தி.

இந்தக் கதை சென்னைக்கு வந்த வழியைப் பார்த்தால் நம் விஷயம் இன்னும் துலங்கும். 1958-ல் இங்கிலாந்தில் ‘சேஸ் எ க்ரூக்டு ஷேடோ’ என்றொரு படம். அதில் ஒரு பணக்காரப் பெண்ணின் வீட்டுக்கு ஒருவன் வந்து, செத்துப்போன உன் அண்ணன் நான்தான் என்கிறான். அவள் அலறுகிறாள். யாரும் நம்பவில்லை. அங்கே உறவு அண்ணன் தங்கை. 1963-ல் வங்காளத்தில் உத்தம்குமார் நடித்த ‘சேஷ் அங்கோ’ வந்தபோது அது கணவன் மனைவியாக மாறியது. மறுமணம் செய்யப்போகிறவன் முன்னால் இறந்துபோன மனைவி வந்து நிற்கிறாள். கல்கத்தாவில் நுழைந்த அந்தக் காதலைச் சென்னை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

கோபால் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வருகிறான். கப்பலில் லதாவையும் அவள் தந்தை ராமதுரையையும் சந்திக்கிறான். சரோஜாதேவியும் வி.கே.ராமசாமியும். மலைவாசஸ்தலத்தில் இருக்கும் தன் பங்களாவுக்கு அவர்களை அழைக்கிறான். காதல் வளர்கிறது. ஆனால் ரயில் என்றால் அவனுக்கு ஆகாது. அதைக் கண்டாலே வியர்த்து நிலைகுலைந்துபோகிறான். லதா ஏன் என்று கேட்கிறாள். தன் மனைவி சித்ரா தண்டவாளத்தில் உயிரை விட்டாள் என்கிறான். அவள் பரிவோடு கேட்டுக்கொள்கிறாள். கல்யாணம் நிச்சயமாகிறது. அந்த விருந்தில், சித்ரா உள்ளே நடந்து வருகிறாள். பக்கத்தில் அவள் மாமா ரங்கன். அழுகை வேடங்களுக்கே பெயர் வாங்கியிருந்த சௌகார் ஜானகி இதில் தலைநிமிர்ந்து, மினுமினுக்கும் உடையில், பேச்சில் விஷம் வைத்து வந்து நின்றார். ரங்கன் எம்.ஆர்.ராதா. அந்தக் கரகரத்த குரலில் எது நிஜம், எது நடிப்பு என்று பிரிக்க முடியாது. கதைக்கு வேண்டியதும் அதுதான்.

இவள் சித்ரா இல்லை என்று கோபால் கத்துகிறான். இல்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொலையைச் சொல்ல வேண்டும். அவன் மாட்டிக்கொண்ட இடம் இது. கடைசியில் லதாவிடம் சொல்லிவிடுகிறான். அடித்தேன், விழுந்தாள், செத்துப்போனாள், உடலைத் தண்டவாளத்தில் போட்டேன். போலீஸ் கேட்டுச் சொல்லவில்லை. தன்னை நம்பும் ஒரே உயிர் அவள் என்பதால் அவளிடம் சொன்னான். அவள் போலீஸ்காரி. தந்தையாக வந்தவர் போலீஸ். ரங்கனும் போலீஸ். அந்த வாக்குமூலத்தைப் பெறுவதற்காகத்தான் அத்தனையும்.

இதில் பாட்டு என்ன வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சித்ராவின் பாட்டு ஒன்று படத்தில் இரண்டு முறை வருகிறது. முதலில் சிங்கப்பூர் இரவு விடுதியில் துள்ளலாக. பிறகு கோபாலின் பங்களாவில், அதே மெட்டு, சோகமாக. முதல் முறை அது மயக்கம். இரண்டாவது முறை அது குறுக்கு விசாரணை. கோபாலின் நினைவுக்குள் போய்க் கேள்வி கேட்கிற வேலையை மெல்லிசை மன்னர்கள் ஒரு மெட்டுக்குக் கொடுத்தார்கள். பாட்டு வந்தால் சந்தேகத்தின் பிடி தளரும் என்று பாலசந்தர் நினைத்தாரே, அந்தப் பாட்டையே பிடியை இறுக்கும் கயிறாக ஆக்கினார்கள்.

லதாவை இன்னும் கொஞ்சம் நேரம் பார்க்க வேண்டும். உஷா காதலித்தாள், பிறகு கண்டுபிடித்தாள். லதா கண்டுபிடிக்க வந்தாள், வந்த இடத்தில் காதலித்துவிட்டாள். கோபாலைக் கைது செய்யும்போது தன் காதல் மட்டும் நடிப்பில்லை என்கிறாள். அதை அவன் நம்பினானா, நாம் நம்ப வேண்டுமா என்பது ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு வேறு வேறாகத் தெரிகிறது. சரோஜாதேவியின் கொஞ்சு பேச்சை வேடிக்கையாகப் பேசுகிறவர்கள் இந்தப் படத்தை மறுபடி பார்க்க வேண்டும். முதல் பாதி முழுக்க அந்தக் கொஞ்சல்தான் அவளுடைய மாறுவேடம். திகம்பர சாமியார் தாடியும் மீசையும் ஒட்டிக்கொண்டு செய்த காரியத்தை அவர் ஒரு சிரிப்பில் செய்தார். அது முடிந்து, கண்ணில் நீரோடு அதிகாரியாக நிமிரும் கணத்தில் அவருடைய குரல் இறங்கும் தாளத்தைக் கேட்டுப் பாருங்கள்.

*

‘புதிய பறவை’க்குப் பிறகு மடை திறந்துவிட்டது. 1965-ல் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்த ‘கலங்கரை விளக்கம்’, ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வை மாமல்லபுரத்துக்குக் கொண்டுவந்தது. கே.சங்கர் இயக்கம். பல்லவர் காலத்து நாட்டியக்காரியாகத் தன்னை நினைத்துக்கொள்ளும் பெண், அவளைப் போலவே இன்னொருத்தி, கலங்கரை விளக்கத்தின் உச்சி. சென்னைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறோடு போகும் இடம் மர்ம பூமியானது. ‘வெர்டிகோ’வின் துயர முடிவை மட்டும் கடலிலேயே விட்டுவிட்டார்கள். 1966-ல் இந்தி ‘வோ கௌன் தீ’ தமிழில் ஜெய்சங்கர்–ஜெயலலிதா நடிப்பில் ‘யார் நீ?’ ஆனது. 1967-ல் ஏவி.எம். மறுபடி களத்தில் இறங்கி, ஏ.சி.திருலோகசந்தர் இயக்கத்தில் ‘அதே கண்கள்’ எடுத்தது. ரவிச்சந்திரனும் காஞ்சனாவும் பாடி ஆடிக்கொண்டே முகமூடிக் கொலையாளியைத் தேடினார்கள். விறுவிறுப்பில் குறைவில்லை. கொலையாளி யார் என்று வெளியே வந்து அடுத்த காட்சிக்கு நிற்கிறவர்களிடம் சொல்லிவிடுவதே பெரிய பாவமாக இருந்த காலம்.

பிறகு ஜெய்சங்கரின் சி.ஐ.டி. படங்கள். மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’, சோ எழுதிய ‘நீலகிரி எக்ஸ்பிரஸ்’, 1970-ல் ‘சி.ஐ.டி. சங்கர்’. கோட்டும் தொப்பியும் துப்பாக்கியுமாக அவர் வந்தால் விசில் பறக்கும். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் படங்கள் தந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று கைநழுவிப் போனது. நாயகிக்குக் கேள்வி கேட்கும் வேலை போய், மூன்று பாட்டு ஆடும் வேலை மட்டும் மிஞ்சியது. உஷாவும் லதாவும் நின்ற இடத்தில் கடத்தப்பட்டு நாற்காலியில் கட்டிவைக்கப்படும் பெண் வந்து உட்கார்ந்தாள். இதை இழப்பு என்றுதான் சொல்வேன்.

அந்த ஜெய்சங்கரையே வைத்து வேறு மாதிரி யோசித்தவர் இன்னொரு பாலசந்தர். மேடை நாடகத்திலிருந்து வந்த கே.பாலசந்தர் 1971-ல் ‘நூற்றுக்கு நூறு’ எடுத்தார். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஜெய்சங்கர் கையில் சாக்பீஸைக் கொடுத்தார். கணிதப் பேராசிரியர். கல்யாணத்துக்குப் பெண் காத்திருக்கிறாள், லட்சுமி. அந்த வேளையில் மாணவிகள் மூன்று பேர் அவர்மேல் பழி சொல்கிறார்கள். நடந்தது என்ன என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் வீணைக்காரர் போட்ட வழியில் நாடகக்காரர் நடந்தார். இங்கே கொலையாளி யார் என்பதைவிட, இந்த மனிதனை நம்பலாமா என்பதே படத்தின் கேள்வி. வீட்டில் வரன் பார்க்கும் ஒவ்வொரு குடும்பமும் கேட்கும் கேள்வியும் அதுதான்.

*

1978-ல் அந்தக் கேள்வி மிகப் பயங்கரமான வடிவில் வந்தது. கிராமத்துக்காரர் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்த பாரதிராஜா சென்னை நகரத்துக்குள் வந்து ‘சிகப்பு ரோஜாக்கள்’ எடுத்தார். இசை இளையராஜா. பணக்காரத் தொழிலதிபர் திலீப்பாகக் கமல்ஹாசன். அவன் விரும்பிக் கல்யாணம் செய்துகொள்ளும் சாரதாவாக ஸ்ரீதேவி. சாரதா ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். உஸ்மான் ரோட்டிலும் பாண்டி பஜாரிலும் காலையிலிருந்து இரவுவரை நின்றபடியே புடவை பிரித்துக் காட்டும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அவள் தெரிந்த பெண்தான். காரில் வந்து இறங்குகிறவன் கைக்குட்டை கேட்கிறான், சிரிக்கிறான், மறுநாளும் வருகிறான். அவளுக்கு அது வாழ்வில் கிடைத்த அதிர்ஷ்டம்.

பார்வையாளருக்கு அவன் யார் என்று முன்பே தெரியும். பெண்களைக் கொன்று புதைக்கிறவன். ஆகவே ‘யார்’ என்ற முடிச்சு இதில் இல்லை. அவள் எப்போது, எப்படித் தெரிந்துகொள்வாள் என்பதுதான் முடிச்சு. கல்யாணமாகி வந்த வீட்டில், கணவன் வெளியே போயிருக்கும் இரவில், அவள் தனியாக அந்தப் பெரிய பங்களாவுக்குள் நடக்கிறாள். புதுப்பெண் தன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோலத்தான் ஆரம்பிக்கிறது. அறை அறையாக அது விசாரணையாக மாறுகிறது. சி.ஐ.டி. கிடையாது, விரல்ரேகை கிடையாது. கழுத்தில் ஏறிய மஞ்சள் கயிறு காய்வதற்குள் அவள் எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறாள். உஷா பல காலம் சேர்த்துக் கண்டுபிடித்ததை சாரதா ஒரே இரவில் கண்டுபிடிக்கிறாள்.

முடிவில் திலீப் சிறையில். நினைவு தவறிய அவனுக்கு மிஞ்சியிருப்பது சாரதா என்கிற பெயர் மட்டும். அவள் அவனைப் பார்க்க வருகிறாள். இந்த முடிவை ஒப்புக்கொள்ளாதவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அத்தனை பெண்களைக் கொன்றவனுக்காக ஒருத்தி தன் வாழ்வைக் கொடுப்பதா என்ற கோபம் நியாயமானது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனாலும் 1954-ல் உஷா அழுததையும் 1964-ல் லதா கலங்கியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் சினிமா விசாரணையை முடித்துவைத்த பிறகும் காதலை முடித்துவைக்க மறுத்தே வந்திருப்பது தெரியும். மேல்நாட்டுத் துப்பறியும் கதை குற்றவாளி பிடிபட்டதும் திரையை இறக்கிவிடும். இங்கே அதற்கு மேலும் ஒரு காட்சி வேண்டியிருந்தது.

அடுத்த இரண்டு ஆண்டில் பாலு மகேந்திரா, ராஜேந்திரகுமாரின் நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு ‘மூடுபனி’ செய்தார். இளையராஜாவுக்கு அது நூறாவது படம். இதற்கிடையே, வாரப் பத்திரிகைகளில் சுஜாதாவின் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் தம்புச் செட்டித் தெரு ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேரைக் கவர்ந்திருந்தார்கள். சுஜாதாவின் நாவல்களில் ‘காயத்ரி’ 1977-லும் ‘ப்ரியா’ 1978-லும் திரைக்கு வந்தன. லண்டனில் நடந்த ‘ப்ரியா’வை எஸ்.பி.முத்துராமன் சிங்கப்பூருக்கு மாற்றினார், கணேஷாக ரஜினிகாந்த் நடித்தார். தொடர்கதையில் இருந்த வக்கீல் திரைக்கு வரும்போது என்ன ஆனார், அதில் சுஜாதாவுக்கு ஏற்பட்ட வருத்தங்கள் என்ன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)